முறுக்கலையும் ஒட்டுப் படலமும்

மயிலை கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் தேங்கி நிற்கும் நீரும், அந்நீரை நோக்கி நான்கு புறமும் இறங்கும் கருங்கற்படிகளும் அலைகளைப் பொறுத்தவரை இருவேறு உலகங்கள். படிக்கல்லில் ஓரிடத்தைச் சுத்தியலால் தட்டினால் கல்லுக்குள் இரண்டு வகை அலைகள் புறப்படுகின்றன. ஒன்றில் கல்லின் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் நெருங்கி விலகுகின்றன. இதை அழுத்தலை எனலாம். மற்றொன்றில் துகள்கள் அலை செல்லும் திசைக்குக் குறுக்காக அசைந்து, ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் வழுக்கி நகர முயல்கிறது. பாடநூல்கள் சறுக்குப் பெயர்ச்சி அலை என்று குறிப்பிடும் இதைச் சுருக்கமாகச் சறுக்கலை என்று அழைப்போம். குளத்து நீருக்குள் இவ்விரண்டில் முதலாவது மட்டுமே செல்லும். நீரின் ஓர் அடுக்கை மற்றோர் அடுக்கின் மேல் தள்ளினால் அது எதிர்த்து நிற்பதில்லை, பழைய இடத்திற்குத் திரும்பி வருவதும் இல்லை. திரும்பி வர முயலாத பொருளில் சறுக்கலைக்கு வழியில்லை. குளத்தின் மேற்பரப்பில் விரியும் சிற்றலை வளையங்கள் புவியீர்ப்பாலும் பரப்பு இழுவிசையாலும் உண்டாகும் வேறு வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை இங்குக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை.

சறுக்குதலை எதிர்க்கும் இந்த இயல்பின் அளவே விறைப்புக் குணகம். விறைப்புக் குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் சறுக்கலையின் வேகம் கிடைத்துவிடும். எஃகில் அது நொடிக்கு ஏறத்தாழ 3,200 மீட்டர். அதே எஃகில் அழுத்தலையின் வேகம் ஏறத்தாழ 5,900 மீட்டர். ஒரே அதிர்ச்சியில் பிறந்தாலும் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதற்கு இந்த வேறுபாடே காரணம். இதை நிலநடுக்கப் பதிவுகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் என்பதையும், அவரை அந்த ஆய்வுக்குத் தூண்டியது 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கம் என்பதையும் இந்திய வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது. சறுக்கலையின் வரலாற்றில் இந்த மண்ணுக்கும் ஒரு பக்கம் உண்டு.

கல்லையும் நிலத்தையும் விட்டு உருளை வடிவப் பொருளுக்கு வரும்போது சறுக்கலை ஒரு புதிய உருவம் எடுக்கிறது. துவைத்த வேட்டியின் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் திருகிப் பிழியும்போது துணியின் ஒவ்வொரு குறுக்குவெட்டும் பக்கத்துக் குறுக்குவெட்டைக் காட்டிலும் சற்றே கூடுதலாகச் சுழன்று நிற்பதைக் காணலாம். துணி நீளவும் இல்லை, பருக்கவும் இல்லை. அடுக்குகள் அச்சைச் சுற்றிச் சறுக்கியிருக்கின்றன, அவ்வளவே. ஓர் எஃகுக் குழாயின் ஒரு முனையை இப்படி மிகச் சிறிய அளவில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் திருகி விட்டுவிட்டால், அந்தத் திருகல் குழாயின் நெடுக ஓடும். அதுவே முறுக்கலை. உருளைக்குள் அலைகள் பரவும் முறையை 1876இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் லியோ போக்ஹாமரும் பின்னர் இங்கிலாந்தின் சார்லஸ் கிரீயும் வகுத்தனர். உள்ளீடற்ற உருளைக்கான முழுத் தீர்வை டெனாஸ் காசிஸ் வெளியிட்டது 1959இல். அடையாற்றை ஒட்டிய காட்டுநிலத்தில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் சென்னை ஐஐடி தொடங்கப்பட்ட அதே ஆண்டு.

முறுக்கலைகளில் மிக எளியதான முதல் வகை, பொறியாளர்களுக்கு வாய்த்த ஒரு கொடை என்றே சொல்ல வேண்டும். பொதுவாகக் குழாய்க்குள் ஓடும் அலைகள் தம் அதிர்வெண்ணுக்கு ஏற்ப வெவ்வேறு வேகத்தில் செல்வதால், கூர்மையாகப் புறப்பட்ட துடிப்பு போகப்போக அகன்று, நீண்டு, அடையாளம் தெரியாமல் கரைந்துவிடுகிறது. இதற்குப் பிரிகை என்று பெயர். முதல் முறுக்கலைக்கோ பிரிகையே இல்லை. எல்லா அதிர்வெண்களிலும் அது பொருளின் சறுக்கலை வேகத்திலேயே செல்வதால், புறப்பட்ட வடிவத்திலேயே போய்ச் சேருகிறது. அடுத்தடுத்த முறுக்கு வகைகள் தலைகாட்டுவதற்கு, குழாய்ச் சுவரின் தடிமனுக்குள் குறைந்தது அரை அலைநீளமாவது அடங்க வேண்டும். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுச் சுவரில் அது ஏறத்தாழ 2,00,000 ஹெர்ட்சுக்கு மேல்தான் நிகழும்; ஆய்வுக்குப் பயன்படுத்தும் 32,000 ஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில், 10 சென்டிமீட்டர் அலைநீளத்துடன், முதல் முறுக்கலை வேறு முறுக்கு வகைகளின் இடையூறின்றிப் பயணம் செய்கிறது. 16 மீட்டர் தொலைவில் சுவர் அரித்துப் போயிருந்தால், அங்கிருந்து எதிரொலி நொடியின் நூறில் ஒரு பங்கில் திரும்பி வந்துவிடும்.

குழாய்க்குள் நீர் ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த அலை அதைப் பொருட்படுத்துவதில்லை. முறுக்கலையில் சுவர் உள்நோக்கியோ வெளிநோக்கியோ அசையாமல் தன் தளத்திலேயே வழுக்குவதால் நீரைத் தள்ளுவதில்லை. நீரும் சறுக்குதலை எதிர்க்காததால் சுவரிடமிருந்து எதையும் பறித்துக்கொள்வதில்லை. கூழ் போன்ற பாகுத்தன்மை மிக்க திரவங்கள் மட்டுமே விதிவிலக்கு. அவை சுவரைப் பற்றி இழுத்து அலையை மெலியச் செய்யும். அந்த மெலிவையே அளந்து திரவத்தின் பாகுத்தன்மையைக் கணிக்கும் உணரிகளும் இருக்கின்றன.

அடுத்த கேள்வி, குழாயை இவ்வளவு நுட்பமாகத் திருகுவது எது, திரும்பி வரும் திருகலை உணர்வது எது என்பதே. பொறியாளர்கள் ஸ்மார்ட் பொருட்கள் என்று அழைக்கும் வகையினம் இங்கே துணைக்கு வருகிறது. 1880இல் பாரிசில் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தும்போது அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர்; மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் அப்படிகங்கள் உருமாறுவதும் அடுத்த ஆண்டே உறுதியாயிற்று. இதுவே அழுத்தமின் விளைவு. இன்று இப்பணியைப் பெரிதும் செய்வது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளாலான பிஇசட்டி என்னும் பீங்கான். சூளையிலிருந்து வெளிவரும்போது அதற்கு இந்தத் திறன் இல்லை. சூடான எண்ணெயில் அமிழ்த்தி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2,000 வோல்ட் அல்லது அதற்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைச் செலுத்தி வைத்திருந்தால், பீங்கானுக்குள் தாறுமாறாகக் கிடந்த நுண்ணிய மின்முனைகள் ஒரே திசையில் திரும்பி நிலைத்துவிடுகின்றன. முனைவாக்கம் எனப்படும் இந்தச் செயலுக்குப் பிறகே பீங்கான் உயிர் பெறுகிறது.

முனைவாக்கத் திசையிலேயே மின்புலத்தைக் கொடுத்தால் பீங்கான் நீளும் அல்லது குறுகும். திசைக்குச் செங்குத்தாகக் கொடுத்தால் சறுக்கும். பரவலாகப் பயன்படும் பிஇசட்டி-5ஏ வகையில் சறுக்கும் விளைவு நீளும் விளைவைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலுவானது. ஆயினும் முறுக்கலையை எழுப்ப எந்தத் திசையில் முனைவாக்குவது என்பதில் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. பீங்கான் வளையத்தை அதன் அச்சுத் திசையில் முனைவாக்குவதுதான் எளிது. இரண்டு வட்ட முகங்களிலும் வெள்ளி பூசி மின்னழுத்தம் கொடுத்தால் போதும். ஆனால் அப்படிப்பட்ட வளையத்தின் வழியாக முழுச் சமச்சீரான முறுக்கலை சென்றால் மின்னழுத்தமே எழாது. திருகலால் இடம்பெயரும் மின்னூட்டம் வளையத்தைச் சுற்றி வட்டமாக நகர்கிறது. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்பதால் அது எங்கும் போய்ச் சேர்ந்து குவிவதில்லை. குவியாத மின்னூட்டத்தைக் கம்பியால் எடுக்க முடியாது. ஆகவே வளையத்தைச் சாத்துக்குடிச் சுளைகளைப் போலத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் சுற்றுவட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் தனித்தனியே முனைவாக்கி, அதற்காகப் பூசிய மின்வாய்களை நீக்கி, துண்டுகளை மீண்டும் வளையமாக ஒட்டி, வட்ட முகங்களில் புதிய மின்வாய்களைப் பூச வேண்டும். இப்போது அச்சுத் திசையில் மின்புலம் கொடுத்தால் வளையம் முழுவதும் ஒரே சீராகத் திருகும்.

அச்சுத் திசையில் முனைவாக்கிய உருளைக்குச் சறுக்கலையோடு உறவே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. துகள்கள் அச்சுக்கு இணையாக அசைய, அலையோ சுற்றுவட்டத் திசையில் அல்லது ஆரத் திசையில் செல்லும் மற்றொரு வகைச் சறுக்கலை அதில் புகுந்தால் நிலைமை தலைகீழாகிறது. அலையின் முகடுகளிலும் பள்ளங்களிலும் மின்னூட்டம் மாறிமாறிக் குவிந்து, அதனால் எழும் மின்புலம் சறுக்குதலை எதிர்த்து நிற்பதால், பொருள் உள்ளபடியே இருந்தும் கூடுதல் விறைப்புடையதாக நடந்துகொள்கிறது. பிஇசட்டி-5ஏ பீங்கானின் மாறிலிகளைக் கொண்டு கணக்கிட்டால், இந்த மின்விளைவு இல்லாதபோது நொடிக்கு ஏறத்தாழ 1,650 மீட்டராக இருக்க வேண்டிய வேகம் 2,260 மீட்டர் அளவுக்கு உயர்கிறது. ஒரு பொருளின் விறைப்பில் ஏறக்குறையப் பாதி அதன் மின்புலத்திலிருந்து வருகிறது என்பது வியந்து நின்று பார்க்க வேண்டிய செய்தி. 1968இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி புளூஸ்டைனும் சற்றே பின்னர் சோவியத் நாட்டின் யூரி குல்யாயேவும், இந்த மின்பிணைப்பு ஒன்றினாலேயே சறுக்கலை பொருளின் மேற்பரப்பை ஒட்டிக்கொண்டு ஓட முடியும் என்று காட்டினர். சாதாரணத் திண்மத்தில் அப்படி ஓடுவதற்கு மேலே வேகம் குறைந்த ஓர் அடுக்கு வேண்டும். அந்த நிபந்தனையைப் புவியோட்டின் அடுக்குகளை எண்ணி 1911இல் வகுத்தவர் அகஸ்டஸ் லவ். எஃகு உருளையின் மேல் பிஇசட்டி பூச்சு இருக்கும்போது பூச்சின் வேகம் எஃகின் வேகத்தைவிடக் குறைவு என்பதால் லவ் அலைக்குரிய சூழல் தானாகவே அமைந்துவிடுகிறது.

காந்தத்தைக் கொண்டும் இதே வேலையைச் செய்யலாம். இரும்பு காந்தப்புலத்தில் மிகச் சிறிதளவு நீளம் மாறுவதை ஜேம்ஸ் ஜூல் 1842இல் கண்டார்; நிக்கல் போன்றவற்றுக்கும் இந்த இயல்பு உண்டு. நிக்கல் அல்லது இரும்பு-கோபால்ட் கலவையின் மெல்லிய பட்டையைக் குழாயைச் சுற்றி ஒட்டி, சுற்றுவட்டத் திசையில் காந்தமாக்கி, மேலே சுற்றிய கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் செலுத்தினால் பட்டை திருகும். 1990களில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த முறை இது.

பீங்கானோ நிக்கல் பட்டையோ, எதுவாயினும் குழாயோடு சேர வேண்டும். சேர்ப்பது பெரும்பாலும் தலைமுடியின் தடிமனை ஒத்த ஓர் எபாக்சிப் படலம். பீங்கான் தரும் ஒவ்வொரு திருகலும் இந்தப் படலத்தின் வழியாகவே, படலம் சறுக்குவதன் மூலமாகவே, எஃகுக்குள் இறங்குகிறது. அலைநீளம் 10 சென்டிமீட்டராக இருக்கையில் நூறு மைக்ரோமீட்டர் படலம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். பீங்கான் துண்டின் சறுக்கு விசை ஒட்டின் விளிம்புப் பகுதிகளிலேயே பெரும்பாலும் கைமாறுகிறது என்பதை அமெரிக்காவின் எம்ஐடியில் எட்வர்டு கிராலியும் ஹாவியர் டி லூயிஸும் 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒட்டு தடித்தாலோ மென்மையாக இருந்தாலோ பீங்கான் தான் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும், எஃகுக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேராது. வளையத்தின் ஒரு துண்டில் மட்டும் ஒட்டு பலவீனமாக இருந்தால் தீங்கு இன்னும் பெரிது. எல்லாத் துண்டுகளும் சமமாகத் திருகும்போதுதான் தூய முறுக்கலை கிடைக்கும். ஒன்று பின்தங்கினால் குழாய் வளைந்து நெளியும் வளைவலைகளும் கூடவே கிளம்பிவிடும். குழாயின் பற்றவைப்பு, சுற்றிலும் ஒரே சீராக இருப்பதால், முறுக்கலையை முறுக்கலையாகவே திருப்பி அனுப்புகிறது. ஒரு பக்கம் மட்டும் அரித்த இடமோ அதில் ஒரு பகுதியை வளைவலையாக மாற்றி அனுப்புகிறது. பற்றவைப்பையும் அரிப்பையும் ஆய்வாளர் பிரித்தறிவது இந்த வேறுபாட்டைக் கொண்டே என்பதால், ஒட்டின் குறையால் எழுந்த பொய்யான வளைவலை நல்ல குழாயை நோயுற்றதாகக் காட்டக்கூடும்.

அடுக்குருளைகளின் கணிதம் ஒட்டைத் தனி அடுக்காகவே மதிக்க வேண்டியதன் காரணம் இதுதான். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் அலையின் வடிவத்தை பெசல் சார்புகள் தருகின்றன. மின்பிணைப்பு இல்லாத முறுக்கலைக்கு அடுக்கு ஒன்றுக்கு இரண்டு அறியப்படாத எண்கள் மிஞ்சும். அடுக்குகள் தொடும் இடந்தோறும் இருபுறத்து அசைவும் சமமாக இருக்க வேண்டும், இருபுறத்துச் சறுக்குத் தகைவும் சமமாக இருக்க வேண்டும். உட்பரப்பிலும் வெளிப்பரப்பிலும் தகைவு சுழியாக வேண்டும். மூன்று அடுக்குகளானால் ஆறு சமன்பாடுகள், ஆறு எண்கள். அவற்றின் அணிக்கோவை சுழியாகும் வேகங்களில் மட்டுமே அலை உயிர்வாழும். மின்னழுத்தமும் சேர்ந்துகொண்டால் எண்ணிக்கை இரட்டிக்கிறது.

இந்தத் துறையில் சென்னை ஐஐடியின் கணிதத் துறைக்கு நீண்ட மரபு உண்டு. அங்குப் பணியாற்றிய எச். எஸ். பால், எம். வெங்கடேசனுடன் இணைந்து 1987இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, குறுக்குவெட்டு வட்டமாக இல்லாத அழுத்தமின் உருளைகளிலும் அலை பரவும் விதத்தைக் கணக்கிட வழி காட்டியது. கிராலியும் டி லூயிஸும் ஒட்டைப் பற்றி எழுதிய அதே ஆண்டு அது. பின்னர் வி. கே. நெல்சனுடன் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வுகளில் பால் அடுக்குருளையையே எடுத்துக்கொண்டார். இரண்டு அழுத்தமின் உருளைகளுக்கு நடுவே உள்ள ஒட்டை, நுண்ணிய வெற்றிடங்கள் கொண்ட மீட்சிப் பொருளாக அவர்கள் கருதினர். வெற்றிடங்களுக்குத் தனிக் கணக்கு வைக்கும் அந்தக் கோட்பாட்டை 1983இல் வகுத்தவர்கள் ஸ்டீபன் கோவினும் ஜேஸ் நன்சியாட்டோவும். காய்ந்து இறுகும்போது எபாக்சிக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றுக் குமிழிகளைக் கண்ணால் கண்டவர்களுக்கு, அந்தத் தேர்வு வெறும் கணித அலங்காரம் அல்ல என்பது விளங்கும். அடையாற்றில் எழுதப்பட்ட அச்சமன்பாடுகள் ஒட்டை மதித்தன. இந்நூலின் கருத்தில் அவற்றின் பெருமை அதுவே.

அதே வளாகத்தில் இயங்கும் அழிவிலா மதிப்பீட்டு மையத்தில், கிருஷ்ணன் பாலசுப்ரமணியம் வழிகாட்டலில் நடந்த ஆய்வுகள் உருளையை மெல்லிய கம்பியாகச் சுருக்கிக்கொண்டன. கம்பியின் ஒரு முனையை உலைக்குள் விட்டு, குளிர்ந்த மறுமுனையில் சறுக்கலை எழுப்பும் பீங்கான் உணரியைப் பொருத்துவது இம்முறை. உணரி அதிரும் திசையைக் கம்பியின் அச்சுக்கு 45 பாகைச் சாய்வில் வைத்தால், நெடுக ஓடும் அலையும் முறுக்கலையும் ஒருசேரக் கிளம்பிக் கம்பியின் நுனியிலிருந்து தனித்தனியே திரும்பி வருகின்றன. முதலாவதன் வேகத்திலிருந்து யங் குணகமும் இரண்டாவதன் வேகத்திலிருந்து விறைப்புக் குணகமும் கிடைப்பதால், பழுக்கக் காய்ந்த நிலையிலும் உலோகத்தின் மீட்சியியல்பை ஒரே துடிப்பில் அளந்துவிட முடிகிறது. வெப்பம் ஏற ஏற உலோகம் தளர்ந்து அலையின் வேகம் குறையும் என்பதால், கம்பியில் ஆங்காங்கே வளைவுகளோ வெட்டுகளோ அமைத்து அவற்றின் எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தால், உலையின் பல மட்டங்களின் வெப்பநிலையும் தெரிந்துவிடும். 350 பாகை செல்சியசை ஒட்டித் தன் திறனை முற்றும் இழந்துவிடும் பீங்கான், உலைக்கு வெளியே பத்திரமாக இருந்துகொண்டு உள்ளே நடப்பதை அறிகிறது.

நகரத்துத் தெருக்களுக்கு அடியில் இருக்கும் உருளைகள் இத்தனை இணக்கமானவை அல்ல. தரைக்கு மேலே தாங்கிகளின் மீது செல்லும் எஃகுக் குழாயில் இருபுறமும் பல பத்து மீட்டர் செல்லும் முறுக்கலை, தார்ப்பூச்சு பூசி மண்ணில் புதைத்த குழாயில் சில மீட்டரிலேயே மடிந்துவிடும்; தார் ஒவ்வொரு சறுக்கலையும் வெப்பமாக்கி விழுங்க, மண் எஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்கிறது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் நிலைமை இன்னும் கடினம். ஒரு குழாயின் நுனியை அடுத்ததன் அகன்ற வாய்க்குள் செருகி ஈயம் காய்ச்சி ஊற்றிய இணைப்பு, நீரைக் கசியாமல் நிறுத்துமே தவிர அலையைக் கடத்தித் தராது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இத்தகைய குழாய்கள் புதைந்துள்ள இடங்களில் ஒரே உணரியை வைத்து ஒரு தெரு முழுவதையும் சோதித்துவிடலாம் என்று எவரும் நம்பக் கூடாது.

இதே பகுதிகளின் அடியில் இன்று அமைந்துவரும் உருளை வேறு அளவினது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூர், பனகல் பூங்கா வழியாகப் பூந்தமல்லி நோக்கிச் செல்லும் தடமும், அடையாற்றைக் கடந்து தெற்கே செல்லும் தடமும் நகரின் நடுப்பகுதியில் சுரங்கத்துக்குள் ஓடுகின்றன. சுரங்கம் என்பது ஏறக்குறைய 6 மீட்டர் உள்விட்டமுள்ள கான்கிரீட் வளையங்களின் தொடர். வளையத்துக்கும் துளைத்த மண்ணுக்கும் இடைப்பட்ட வளைய இடைவெளியில் சிமெண்டுக் கலவை செலுத்தி நிரப்புகின்றனர். அதற்கப்பால் மணலும் களிமண்ணும், அவற்றின் அடியில் பல இடங்களில் பரங்கிமலையில் வெளியே தெரியும் அதே சார்னோக்கைட் பாறையும். பீங்கான், எபாக்சி, எஃகு என்ற அடுக்குகளின் இடத்தில் கான்கிரீட், சிமெண்டுக் கலவை, மண் வந்து நிற்கின்றன. சமன்பாடுகளின் வடிவம் மாறவில்லை. தரையில் சம்மட்டியால் அடித்து, வரிசையாக நட்ட நில அதிர்வுணரிகளால் பரப்பலைகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்து சென்னை மண்ணின் சறுக்கலை வேகத்தைக் கணிக்கும் ஆய்வுகளையும் சென்னை ஐஐடியின் நிலத்தொழில்நுட்பவியலார் செய்திருக்கின்றனர்.

நொடிக்கு ஏறத்தாழ 2,300 மீட்டர் வேகமுள்ள கான்கிரீட்டிலிருந்து 200 மீட்டர் வேகமுள்ள தளர்ந்த மண்ணுக்குள் சறுக்கலை நேர்குத்தாக நுழைய முயன்றால், இரண்டும் நன்றாகப் பிணைந்திருந்தாலும்கூட, ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அப்பால் செல்லும்; மீதி திரும்பிவிடும். அந்த எல்லையில் நிரப்புக் கலவை விட்டுப்போய், நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருக்கும் மயிலாப்பூர் போன்ற இடத்தில் இடைவெளியை நீர் நிரப்பிக்கொண்டால், அழுத்தலையைக் கொண்டு சோதிப்பவர் ஏமாந்துபோகக்கூடும், ஏனெனில் நீர் அழுத்தலையைத் தாராளமாகக் கடத்தி, இருபுறமும் ஒட்டியிருப்பதுபோலவே காட்டிவிடும். சறுக்கலையோ அந்த நீர்ப்படலம் ஒரு மில்லிமீட்டரே ஆனாலும், தெப்பக்குளத்தின் கரைக்கு வந்த அலையைப்போல, அங்கேயே நின்று முழுவதுமாகத் திரும்பி வருகிறது.